யானைக்கு நடக்க இடம் இருந்தால்: தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளி விடுமுறை வந்தால் டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் ஷ்லுஷ்லுவே, க்ரூகர் வனவிலங்குப் பூங்காக்களுக்கு யானை பார்க்கப் போகின்றன. போய் வந்தபின் எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். "மரத்தையெல்லாம் சாய்த்துப் போட்டிருக்கிறதே, இதுவா காட்டைக் காப்பாற்றுகிறது?" என்பதுதான் முதல் கேள்வி. அதையும் அதை ஒட்டி வரும் மற்றவற்றையும் இங்கே ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறோம்.

ஒரு யானை நாளுக்கு எவ்வளவு தின்னும்? அதில் எவ்வளவு மண்ணுக்குத் திரும்பும்?

சவானா எனும் புல்லும் மரமும் கலந்த வெளியில் வாழும், நன்கு வளர்ந்த கொம்பன் 5 முதல் 6 டன் இருக்கும். பெண் யானை ஏறக்குறைய 3 டன். வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ தழை, புல், பட்டை, பழம் வேண்டும். தண்ணீர் 100 முதல் 200 லிட்டர். இவ்வளவையும் தேட நாளின் முக்கால் பங்கு போய்விடும். யானைப் பசிக்குச் சோளப்பொரி என்று சும்மா சொல்லவில்லை.

ஆனால் அதன் குடல் அவசரக் குடல். தின்றதில் பாதியைக்கூடச் செரிப்பதில்லை. மீதி ஏறக்குறைய 100 கிலோ லத்தியாக, நாளுக்குப் பதினைந்து இருபது முறை, நடந்த வழியெல்லாம் விழுகிறது. ஒரு லத்தி உருண்டையைக் குச்சியால் பிளந்து பார்த்தால் உள்ளே மென்றும் மெல்லாமலும் நார், முள்மரக் காய்களின் பளபளப்பான விதைகள், பருவம் சரியாக இருந்தால் மருலா மரத்தின் முழுக் கொட்டைகள் தெரியும். இரண்டு நாள் பழையது என்றால் அடியில் மண் கிளறிக் கிடக்கும். அது சாணி வண்டின் வேலை. தென்னாப்பிரிக்காவில் மட்டும் சாணி வண்டு இனங்கள் சுமார் 800 உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒருமுறை ஒன்றரைக் கிலோ யானை லத்தியில் இரண்டு மணி நேரத்துக்குள் 16,000 வண்டுகள் வந்து சேர்ந்ததை எண்ணிப் பதிவு செய்திருக்கிறார்கள். வண்டு சாணத்தை உருட்டிக்கொண்டு போய் மண்ணுக்குள் புதைக்கும்போது உரமும் விதையும் சேர்ந்தே உள்ளே போகின்றன, மண்ணில் காற்றும் நீரும் இறங்க வழி பிறக்கிறது. அதனால்தான் ஆடோ யானைப் பூங்காவில் பாதையில் கிடக்கும் லத்திமேல் வண்டியை ஏற்றாதீர்கள் என்று சொல்கிறார்கள். அங்கே உள்ள பறக்க முடியாத பெரிய சாணி வண்டு வேறு எங்கும் அதிகம் மிஞ்சவில்லை.

விதையைப் பறவையும் குரங்கும்கூடப் பரப்புகின்றனவே. யானையால் மட்டும் என்ன தனிப் பயன்?

தூரமும் விதையின் பருமனும்தான். க்ரூகரில் யானைகளின் நடமாட்டத்தையும், உணவு குடலில் தங்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, ஒரு விதை தாய்மரத்திலிருந்து 65 கிலோமீட்டர் வரை போக முடியும் என்று தெரிந்தது. நிலத்தில் வாழும் வேறு விலங்குகளிடம் இப்படி ஒரு தூரம் பதிவானதில்லை. தட்பவெப்பம் மாறிவரும் காலத்தில் மரம் எழுந்து நடக்க முடியாது. அதன் விதைதான் குளிர்ந்த, ஈரமான இடத்துக்குப் போகவேண்டும். அதற்கு யானைதான் வண்டி.

மருலாவை எடுத்துக்கொள்வோம். ஜூலு மொழியில் உம்கானு. அதன் கொட்டை கல்லைப்போல் இருக்கும். உள்ளே இரண்டு மூன்று விதை, ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி. அந்த மூடி கழன்றால்தான் முளை வெளியே வரும். யானையின் பல்லும் குடலும் மூடியைத் தளர்த்திவிடுகின்றன. லத்தியிலிருந்து எடுத்த கொட்டை, மரத்தடியில் பொறுக்கிய கொட்டையைவிட நன்றாக முளைக்கிறது.

ஆனால் யானை நல்ல விதை, கெட்ட விதை என்று பிரித்துப் பார்ப்பதில்லை. க்ரூகரின் தலைமை முகாமான ஸ்குகுசாவைச் சுற்றிச் சப்பாத்திக்கள்ளி பரவியதில் பபூன் குரங்குகளோடு யானைக்கும் பங்கு உண்டு. பழத்தைத் தின்று விதையைக் கொண்டுபோய்ப் போட்டது. கடைசியில் கள்ளியை உறிஞ்சும் கோச்சினீல் பூச்சியை விட்டுத்தான் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். பல தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டுக் கள்ளிக் காடுகளை அழித்ததும் இதே வகைப் பூச்சிதான்.

மரத்தைச் சாய்ப்பதும் பட்டையை உரிப்பதும் நாசம்தானே?

ஒரு மரத்தை மட்டும் பார்த்தால் நாசம்தான். யானை தந்தத்தை நெம்புகோலாக வைத்துப் பட்டையைக் கிளப்பி, துதிக்கையால் நீள வாராக இழுக்கும். பட்டைக்கு உள்ளே இருக்கும் மெல்லிய அடுக்கு வழியாகத்தான் இலையில் செய்த உணவு வேருக்கு இறங்குகிறது. தண்டைச் சுற்றிலும் அது போய்விட்டால் வேர் பட்டினி கிடந்து மரம் காய்ந்துவிடும். பாதி போனாலும் ஆபத்து ஓயாது. காயத்தின் வழியே துளைக்கும் வண்டு நுழையும், அடுத்த புல்வெளித் தீயில் உள்மரம் பற்றிக்கொள்ளும். யானை தொடங்கியதைத் தீ முடிக்கிறது. புல் காய்ந்துபோகும் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் பட்டைக்கும் வேருக்கும் கை நீளும். மரத்தைத் தள்ளுவது பெரும்பாலும் வளர்ந்த ஆண்கள்.

இனி அதே சாய்ந்த மரத்தைச் சுற்றி ஓராண்டு கழித்துப் பாருங்கள். உயரத்தில் இருந்த தழை இம்பாலா, கூடு ஆகிய மான்களுக்கு எட்டும் உயரத்தில் துளிர்த்திருக்கும். முள்கிளைகளுக்கு அடியில் மேய்ச்சல் வாய் படாமல் புல்லும் கன்றுகளும் பிழைத்திருக்கும். பிளந்த பட்டைக்குள் பல்லி குடியிருக்கும். க்ரூகரின் வடக்கே மோபானே மரங்களை யானை ஒடித்து ஒடித்து வேலிச் செடி உயரத்தில் வைத்திருக்கிறது. கோடையிலும் குளிரிலும் அங்கே தழை கிடைக்கும்.

பெரிய மருலா குறைந்துபோவதற்கு யானையை மட்டும் குற்றம் சொல்வதும் சரியல்ல. கன்றுகளை இம்பாலா கடித்துத் தீர்க்கிறது, கொட்டைகளை எலி கொறிக்கிறது, தப்பியதைத் தீ பொசுக்குகிறது. கிழவர்கள் சாய, இளையவர்கள் எழும்பாமல் இருப்பதே சிக்கல். யானையை அடியோடு எடுத்துவிட்டாலும் அது தீராது.

மருலாப் பழம் தின்று யானை போதையில் தள்ளாடும் என்கிறார்களே?

யானைக்குப் புதுப் பழம்தான் பிடிக்கும். புளித்து அழுகியதைத் தேடிப் போவதில்லை. 2006-இல் உடல் எடையை வைத்துக் கணக்குப் போட்டவர்கள், போதை ஏற வேண்டுமானால் வழக்கத்தைப்போல் பல மடங்கு பழம் வேண்டும் என்று கண்டார்கள். 2020-இல் வந்த மரபணு ஆய்வு, மதுவை உடைக்கும் ஒரு நொதி யானையிடம் செயலிழந்திருப்பதைக் காட்டியது. அதனால் கொஞ்சம் மதுவே கூடுதலாக வேலை செய்யக்கூடும். இந்த விவாதம் இன்னும் மூடவில்லை. தள்ளாடும் யானை வீடியோவைச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

யானைக்கும் தட்பவெப்ப நிலைக்கும் என்ன தொடர்பு?

இங்கேதான் மிகப் பெரிய குழப்பம் இருக்கிறது. செய்திகளில் வரும் "யானை கார்பனைச் சேமிக்கிறது" என்ற ஆய்வுகள் பெரும்பாலும் நம் க்ரூகர் யானையைப் பற்றியவை அல்ல. அவை காங்கோ வடிநிலத்து மழைக்காடுகளில் வாழும் காட்டு யானையைப் பற்றியவை. இங்கே 'காட்டு யானை' என்பது ஒரு தனி இனத்தின் பெயர். உருவில் சிறியது, தந்தம் நேராகக் கீழ்நோக்கி இறங்கும்.

அது வேலை செய்யும் விதம் இப்படி. அடர்ந்த காட்டில் வேகமாக வளரும் மென்மர இனங்களின் தழை சுவையானது, யானை அதை விரும்பித் தின்னும். நடக்கும்போதும் மேயும்போதும் 30 சென்டிமீட்டருக்கும் குறைந்த பருமனுள்ள மரங்களை ஒடித்தும் மிதித்தும் கலைத்துவிடும். நாற்றங்காலில் நெருக்கத்தைக் களைவதுபோல. மிஞ்சிய மரங்களுக்கு ஒளியும் நீரும் இடமும் கூடும். அப்படி மிஞ்சுபவை மெதுவாக வளரும் வன்மரங்கள். ஒரே கனஅளவில் வன்மரத்தில் கார்பன் அதிகம். அந்த வன்மரங்களில் பலவற்றின் பழம் பெரிது, விதையும் பெரிது, அதை விழுங்கிக் கொண்டுபோக யானையைவிட்டால் ஆளில்லை. களையெடுப்பு, விதைப்பு இரண்டும் ஒரே திசையில் சேர்கின்றன. 2019-இல் வந்த ஆய்வு, காட்டு யானை அற்றுப்போனால் மத்திய ஆப்பிரிக்க மழைக்காடுகளில் தரைக்கு மேலுள்ள கார்பன் 7 விழுக்காடு குறையும் என்று கணித்தது. 2023-இல் இன்னும் நுணுக்கமாகக் கணித்தபோது 6 முதல் 9 விழுக்காடு என வந்தது.

இழப்பை ஈடுகட்டவும் முடியாது. காட்டு யானை முதல் குட்டி போட ஏறக்குறைய 23 வயதாகிறது, அடுத்ததற்கு ஐந்தாறு ஆண்டு. வேட்டை இன்றே நின்றாலும் எண்ணிக்கை இரட்டிக்க அறுபது ஆண்டு ஆகும். 31 ஆண்டுகளில் இந்த இனம் 86 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்டது. 2021-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை மிகக் கடுமையான அழிவாபத்தில் உள்ள இனமாகவும், சவானா யானையை அழிவாபத்தில் உள்ள இனமாகவும் தனித்தனியாகப் பட்டியலிட்டது.

அப்படியென்றால் க்ரூகர் யானை கார்பனைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா?

மரத்தில் நிற்கும் கார்பனை மட்டும் அளந்தால் பல இடங்களில் குறைக்கிறது. இதை மறைப்பதில் பயன் இல்லை. சவானா என்பது மழைக்காடு அல்ல, புல்லும் மரமும் பங்கு போட்டுக்கொள்ளும் நிலம். அங்கே கார்பனில் பெரும் பகுதி மண்ணிலும் புல்வேரிலும் இருக்கிறது. தீயும் வறட்சியும் அதை எளிதில் தொடமுடியாது. நின்ற மரத்தில் உள்ளதோ ஒரு பெருந்தீயில் புகையாகிவிடும். காற்றில் கரியமில வாயு கூடக்கூடப் புல்வெளிகளை முட்புதர் மூடிவருகிறது. மேய்ச்சலும் நிலத்தடி நீரும் குறைகின்றன. யானை இல்லாத பண்ணைகளில் இந்தப் புதரை வெட்டப் பெரும் பணம் செலவாகிறது. யானை உள்ள இடத்தில் அது அந்த வேலையைச் செய்கிறது. ஆகவே சவானாவில் யானையின் பங்கை டன் கணக்கில் அளப்பதைவிட, நிலம் வறட்சியையும் தீயையும் தாங்கி மீளும் திறனில் அளப்பதே சரி.

வறண்ட ஆற்றுப் படுகையில் யானை முன்காலாலும் துதிக்கையாலும் மணலைத் தோண்டி ஊற்று எடுப்பது அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது குடித்துப் போனபின் வரிக்குதிரையும் பபூனும் பறவைகளும் அதே குழியில் நீர் அருந்துகின்றன.

ஒரு யானையின் கார்பன் மதிப்பு 17 லட்சம் டாலர் என்று படித்தோம். உண்மையா?

அப்போது பன்னாட்டு நாணய நிதியத்தில் இருந்த ரால்ஃப் சாமி என்ற பொருளாதார வல்லுநரும் உடன் பணியாற்றியவர்களும் போட்ட கணக்கு அது. ஏறக்குறைய 17.5 லட்சம் அமெரிக்க டாலர், அதுவும் காட்டு யானைக்கு. கார்பன் விலை மாறினால் தொகையும் மாறும். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்ற பழமொழியை இந்தக் கணக்கு மறுக்கிறது: இறந்த யானையின் தந்தத்துக்குக் கிடைப்பது உயிருள்ள யானை செய்யும் வேலையில் ஒரு சிறு துளி. வாதமாக நல்லது, ஆனால் இதை க்ரூகருக்கோ டெம்பே யானைப் பூங்காவுக்கோ அப்படியே பொருத்தக் கூடாது.

க்ரூகரில் யானை அளவுக்கு மீறிப் பெருகிவிட்டதா? முன்பு சுட்டுத்தானே குறைத்தார்கள்?

1900 வாக்கில் அந்தப் பகுதியில் யானை கிட்டத்தட்ட இல்லை, தந்த வேட்டை துடைத்துவிட்டிருந்தது. பிறகு பெருகியபோது 1967 முதல் 1994 வரை ஏழெட்டாயிரம் என்ற எண்ணிக்கையில் நிறுத்திவைக்க 14,000-க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டார்கள். அது நின்றபின் எண்ணிக்கை 20,000-ஐத் தாண்டிவிட்டது.

ஆனால் எத்தனை யானை என்பது தவறான இடத்தில் தொடங்கும் கேள்வி. எத்தனை யானை, எவ்வளவு காலம், எந்த இடத்தில் நிற்கிறது என்று கேட்க வேண்டும். முன்பு பூங்கா முழுதும் 300-க்கும் மேற்பட்ட ஆழ்துளைக் கிணறுகளும் அணைகளும் வெட்டி நீர் நிரப்பினார்கள், நல்லெண்ணத்தோடுதான். விளைவு என்ன? குட்டியோடு திரியும் கூட்டம் தண்ணீரைவிட்டு அதிக தூரம் போக முடியாது. வறட்சிக் காலத்தில் ஆற்றோரம் ஒதுங்க வேண்டிய கூட்டம், எங்கு பார்த்தாலும் தண்ணீர் இருந்ததால் எங்கும் நின்றது. எந்த மரத்துக்கும் ஓய்வு இல்லை. வறட்சியில் இறந்திருக்கும் குட்டிகளும் பிழைத்ததால் பெருக்கமும் கூடியது. வடக்கே அபூர்வமான ரோன் மான்கள் இருந்த உயர்ந்த புல்வெளிக்குத் தண்ணீரைத் தேடி வரிக்குதிரை வந்தது, அதன்பின் சிங்கம் வந்தது, ரோன் சரிந்தது. 1990-களிலிருந்து பாதிக்கும் மேற்பட்ட செயற்கை நீர்நிலைகளை மூடிவிட்டார்கள். வறட்சியில் அங்கே போகிறவர்கள் "தண்ணீர் ஊற்றக்கூடாதா" என்று மனம் நொந்து கேட்பதற்குப் பதில் இதுதான்.

2008-இல் வந்த தேசிய விதிமுறைப்படி, சுடுவது மற்ற வழிகளையெல்லாம் பார்த்தபிறகு கடைசி வழி. நிலத்தை இணைப்பது முதல் வழி. 2002-இல் க்ரூகரை மொசாம்பிக்கின் லிம்போபோ, ஜிம்பாப்வேயின் கோனரேஷோ பூங்காக்களோடு சேர்த்து எல்லை கடந்த பூங்கா அமைத்தது அதற்காகத்தான். வடக்கே ஐந்து நாடுகள் சேர்ந்த காவாங்கோ-சாம்பேசி நிலப்பரப்பில் 2022-இல் வானிலிருந்து எண்ணியபோது சுமார் 2,28,000 யானைகள் இருந்தன. அவற்றுக்கு நடக்க வழி இருக்கும்வரை அந்த எண் பயமுறுத்த வேண்டியதில்லை.

சின்னப் பூங்காக்களில் என்ன செய்கிறார்கள்?

வேலி போட்ட சிறு இடத்தில் ஆண்டுக்கு ஐந்தாறு விழுக்காடு பெருக்கம் என்றால் 12 முதல் 14 ஆண்டில் இரட்டிப்பு. அங்கே கருத்தடை ஊசி பயன்படுகிறது. பன்றி முட்டையின் மேலுறையிலிருந்து எடுத்த புரதத்தை ஹெலிகாப்டரிலிருந்து ஊசி அம்பாகப் பெண் யானைமேல் செலுத்துவார்கள். யானையின் உடல் அதற்கு எதிர்ப்பு உருவாக்கும், விந்து முட்டையில் ஒட்டாது. முதலாண்டில் தொடக்க ஊசியும் ஊக்க ஊசிகளும், பிறகு ஆண்டுக்கு ஒன்று. தவறுவது இரண்டு இடத்தில். கருக்காலம் 22 மாதம் என்பதால் ஏற்கெனவே சினையாக உள்ளவை ஈன்றுகொண்டே இருக்கும், பலன் தெரிய இரண்டு ஆண்டு ஆகும். யானை அறுபது வயது வரை வாழ்வதால், இது பெருக்கத்தை நிறுத்துமே தவிர இருப்பதைக் குறைக்காது.

கூட்டத்தின் அமைப்பும் முக்கியம். சுடுதலில் அநாதையான குட்டிகளைக் கொண்டுபோய் விட்ட பிலான்ஸ்பெர்க் பூங்காவில், அவை வளர்ந்ததும் பெரியவர்கள் இல்லாத இளம் ஆண்களுக்குச் சின்ன வயதிலேயே மதம் பிடித்து, நீண்ட காலம் நின்று, காண்டாமிருகங்களைக் கொன்றன. 1998-இல் க்ரூகரிலிருந்து ஆறு மூத்த கொம்பன்களைக் கொண்டுவந்ததும் இளையவற்றின் மதம் அடங்கியது, கொலையும் நின்றது. வீட்டுக்கு ஒரு பெரியவர் வேண்டும் என்பது யானைக்கும் பொருந்துகிறது.

எங்கள் நிலத்தில் பழைய மருலா நிற்கிறது. யானையிடமிருந்து எப்படிக் காப்பது?

எல்லா மரத்தையும் காக்க முயலாதீர்கள். கழுகு கூடு கட்டிய மரம், நிழல் மரம், விதைமரம் என்று தேர்ந்தெடுங்கள்.

பட்டை உரிவதைத் தடுக்கக் கோழிவலை போதும். துத்தநாகம் பூசிய, கண் சிறிய வலையை அடியிலிருந்து மூன்று மீட்டர் உயரம் வரை தளர்வாகச் சுற்றி, ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிக் கம்பியால் கட்டுங்கள். ஆணி அடிக்காதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை தளர்த்தாவிட்டால் மரம் பருக்கும்போது வலையே பட்டையை இறுக்கி, யானை செய்யும் கேட்டை நீங்களே செய்வீர்கள். வலை பட்டையைக் காக்கும், தள்ளுவதைத் தடுக்காது.

தள்ளாமல் இருக்கத் தேனீப் பெட்டி நல்லது. க்ரூகரை ஒட்டிய பகுதியில் மருலாக்களில் வைத்துப் பார்த்தபோது, பெட்டி தொங்கிய மரங்கள் வலை சுற்றியவற்றைவிட நன்றாகத் தப்பின. கொட்டு விழுந்த நினைவு யானைக்குப் போகாது, ரீங்காரம் கேட்டாலே விலகும். ஆனால் வறட்சியில் தேனீக்கு நீரும் தீனியும் கொடுக்க வேண்டும். காலிப் பெட்டி அதிக நாள் ஏமாற்றாது. மரத்தைச் சுற்றிக் கூர்ங்கற்களை அகலமாகப் பரப்புவதும் உண்டு, யானையின் உள்ளங்காலுக்கு அது பிடிக்காது.

மாட்டைப்போல் யானையும் மீத்தேன் விடுமே?

விடும், ஆனால் மாடு அசைபோடும் பிராணி. யானை பின்குடலில் நொதிக்கவைப்பது, தின்ற தீனியின் அளவோடு ஒப்பிட்டால் அதன் மீத்தேன் குறைவு.

பார்க்கப் போகும்போது என்ன கவனிக்க வேண்டும்?

குறைந்தது 50 மீட்டர் விட்டு நில்லுங்கள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே கன்னத்தில் எண்ணெய் வழிந்த கறை, பின்காலில் சொட்டும் சிறுநீர், தலையை நிமிர்த்திய நடை, காட்டமான வாடை இருந்தால் கொம்பனுக்கு மதம். இரட்டிப்பு தூரம் கொடுங்கள். கூட்டத்துக்கும் குட்டிக்கும் நடுவில் வண்டியை நுழைக்காதீர்கள். பின்வாங்க வழி விட்டே நிறுத்துங்கள். டெம்பேயில் பாதை முழுதும் மணல், நான்கு சக்கர இயக்க வண்டி இல்லாமல் போக முடியாது.

ஆடோவுக்குப் போகிறவர்கள் ஆரஞ்சு, எலுமிச்சை எதையும் எடுத்துப் போகாதீர்கள், எலுமிச்சஞ்சாதமும் வேண்டாம். 1931-இல் 11 யானைகளோடு தொடங்கிய அந்தப் பூங்காவில், பார்வையாளருக்காக வேலியோரம் ஆரஞ்சு கொட்டிய காலம் ஒன்று இருந்தது. யானைகள் அதற்கு அடிமையாகி ஒன்றையொன்று குத்தின, வேலியைவிட்டு நகர மறுத்தன, அந்த இடமே வெறும் தரையானது. 1970-களில் நிறுத்தினார்கள். வாசனை பட்டாலே வண்டியைத் தேடி வரும் என்பதால் தடை இன்றும் உள்ளது.

வீட்டு முற்றத்தில் ஸ்பெக்பூம் நட்டால் அமேசான் காட்டைவிட அதிகம் கார்பன் இழுக்குமாமே?

ஃபார்வர்டு செய்தி. ஸ்பெக்பூம் நல்ல செடிதான். வறண்ட நாட்களில் இலைத்துளையைப் பகலில் மூடி இரவில் திறக்கும், மழை வந்தால் மற்ற செடிபோல் பகலில் வேலை செய்யும். ஆனால் அதன் பெருமை ஒற்றைச் செடியில் இல்லை. கிழக்குக் கேப்பின் அடர்புதரில், அது உதிர்த்த சருகு மண்ணில் அடுக்கடுக்காகச் சேர்வதில் இருக்கிறது. அந்தப் புதரை வளர்த்தது யானை: மேலிருந்து மேய்கிறது, ஒடிந்து விழும் கிளை தரையில் வேர்விடுகிறது, அடியில் பாவாடைபோல் படர்ந்த கிளைகள் தப்புகின்றன. ஆடு அடியிலிருந்து தின்று அந்தப் பாவாடையையே தீர்த்துவிடும். பத்து லட்சம் ஹெக்டேருக்கு மேல் இப்படித்தான் அழிந்தது.

நட விரும்பினால் விரல் பருமனில் 20 முதல் 30 சென்டிமீட்டர் துண்டு வெட்டி, அடி இலைகளைக் களைந்து, நிழலில் நான்கைந்து நாள் வெட்டுவாய் காயும்வரை வையுங்கள். பச்சையாக நட்டால் அழுகும். மணல் கலந்த மண்ணில் மூன்றில் ஒரு பங்கு புதைத்து, மண் காய்ந்தபின் மட்டும் தண்ணீர் விடுங்கள். டர்பனின் கோடை மழையில் வடிகால் இல்லாத களிமண் அதற்கு எமன். தொட்டியிலோ சரிவிலோ வையுங்கள்.